இடது புருவத்துக்குப் பின்னால்

பிப்ரவரி 3

சின்னு அம்மாவுக்கு,

நீ சௌக்கியம் என்று சின்னு சொல்லித் தெரியும். நாலு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நாம் இரண்டு பேரும் மூன்றாவது வாக்கியத்தைத் தாண்டியதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஓர் உதவி வேண்டும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் வேலை இடத்தில் லிப்ட் கதவு இடித்து நெற்றியில் மூன்று தையல் போட்டார்களே, அன்றைக்கு என் தலையை எக்ஸ்ரே எடுத்தார்கள். பழுப்புக் கவரில் வைத்திருந்தோம். நீ கொண்டுபோன தகரப் பெட்டியில் சின்னுவின் பள்ளிச் சான்றிதழ்களோடு அதுவும் சேர்ந்து வந்திருக்க வேண்டும். தேடி அனுப்ப முடியுமா?

எதற்கு என்று கேட்பாய். போன மாதம் சின்னு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தவள், "அப்பா, உங்க இடது கண்ணு கொஞ்சம் கீழ எறங்கின மாதிரி இருக்கே" என்றாள். போனைக் கோணலாகப் பிடித்திருப்பேன் என்றேன். அப்புறம் கண்ணாடி முன்னால் நின்றால் அவள் சொன்னது சரி. மேலே அண்ணாந்து பார்த்தால் ஒரு கம்பி இரண்டு கம்பியாகத் தெரிந்துகொண்டிருந்தது. வயசாகிறது என்று விட்டிருந்தேன். கண்ணாடிக் கடைக்காரர் கண் டாக்டரிடம் அனுப்பினார், அவர் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அனுப்பினார். அந்த அம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னது: இடது புருவத்துக்குப் பின்னால் சைனஸ் என்று காற்று மட்டும் இருக்க வேண்டிய ஒரு பொந்து இருக்கிறது. அதற்குள் ஒரு எழும்பு வளர்ந்திருக்கிறது.

"பயப்படாதீங்க, கேன்சர் இல்ல. வெறும் எழும்புதான். இருக்கக் கூடாத எடத்துல இருக்கு, அவ்வளவுதான்" என்றார்.

எழும்பு எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று தெரிந்தால்தான் எடுப்பதா, பார்த்துக்கொண்டே இருப்பதா என்று முடிவு செய்வாராம். பழைய படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். எனக்கு அந்தப் பெட்டி ஞாபகம் வந்தது.

சிரமம் கொடுப்பதற்கு மன்னிக்கவும்.

சின்னு அப்பா

*

பிப்ரவரி 10

சின்னு அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. படமும் கிடைத்தது. சின்னுவின் ஐந்தாம் வகுப்பு ஓவியங்களுக்கு அடியில் இருந்தது. இத்துடன் அட்டை வைத்து, மடங்காமல் அனுப்பியிருக்கிறேன். டாக்டரிடம் கொடுத்தால் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

கவரில் போடுவதற்கு முன் சன்னலில் பிடித்துப் பார்த்தேன். பிழை தேடுகிற கண், சும்மா இருக்காது. நெற்றியில் இடது பக்கம், புருவ மேட்டுக்கு மேல், பட்டாணி அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறது. படத்தில் விழுந்த கறை என்று துடைத்தேன். போகவில்லை. கூட இருந்த சீட்டில் "எலும்பு முறிவு இல்லை" என்று ஒரே வரி. முறிவு இருக்கிறதா என்று தேடியவர்கள் அதை மட்டும் தேடியிருக்கிறார்கள். எங்கள் அச்சகத்திலும் அப்படித்தான், எழுத்துப்பிழை பார்க்கிறவன் கண்ணில் பக்க எண் மாறியிருப்பது படாது.

எழுத்துப்பிழை என்றதும் சொல்லிவிடுகிறேன். மூன்று இடத்திலும் "எழும்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். எழும்பு என்றால் எழுந்திரு என்று அர்த்தம். உங்கள் தலைக்குள் இருப்பது எலும்பு.

கண்ணுக்கு எல்லாம் இரண்டாகத் தெரிகிற ஆள் லிப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்க்கலாமா? டாக்டரிடம் அதைக் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். கேளுங்கள்.

சின்னு அம்மா

*

பிப்ரவரி 19

சின்னு அம்மாவுக்கு,

படம் பத்திரமாக வந்தது. சின்ன ல போட்டு எலும்பு, எலும்பு என்று பத்து தடவை எழுதிப் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கிறேன்.

டாக்டர் பழைய படத்தையும் புது ஸ்கேனையும் வெளிச்சப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். நீ பார்த்தது கறை இல்லை. அன்றைக்குப் பட்டாணி, இன்றைக்குக் கோலிக்குண்டு. வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. சின்னதாகத் தொந்தரவில்லாமல் இருந்தால் வருஷா வருஷம் படம் எடுத்துப் பார்த்தாலே போதுமாம். இது கண்ணைத் தள்ள ஆரம்பித்துவிட்டது, பின்பக்கம் மூளையை ஒட்டிய சுவரையும் தொட்டுக்கொண்டிருக்கிறது, அதனால் எடுத்துவிட வேண்டும் என்றார். சில குடும்பங்களில் இந்த மாதிரி எலும்போடு குடலிலும் கட்டிகள் இருக்குமாம், ஆகவே அதையும் குழாய் விட்டுப் பார்த்தார்கள். நெற்றியில் கோளாறு என்று போனவனை எங்கே கொண்டுபோய்த் தேடினார்கள் பார். நல்லவேளை, அங்கே ஒன்றும் இல்லை. குழிக்குள் இறங்கும் வேலைக்குத் தடை போட்டுவிட்டார். இப்போது மேலே மோட்டார் அறையில் மட்டும்தான்.

தலைவலி எப்போதிலிருந்து என்று கேட்டார். பன்னிரண்டு, பதின்மூன்று வருஷம் இருக்கும் என்றேன். குனிந்தால் வலிக்குமா என்றார். லிப்ட் வேகமாக இறங்கினால் புருவத்தில் ஆணி அடிக்கிற மாதிரி இருக்குமா என்றார். பக்கத்திலிருந்து பார்த்தவர் மாதிரி கேட்டார். பட்டாணி அளவில் இருந்தபோதே அது அந்தப் பொந்தின் வடிகால் வாயில் உட்கார்ந்துவிட்டதாம். அடைத்துக்கொண்ட தண்ணீர்த் தொட்டி போல உள்ளே அழுத்தம்.

வெளியே வந்து மருத்துவமனைப் படியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷம் நானே என்னை என்னவெல்லாமோ நினைத்துக்கொண்டிருந்தேன். நீயும் நினைத்தாய். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக் கிடந்தது, சத்தம் கேட்டால் கத்தியது, ரேடியோவைத் தூக்கிப் போட்டது, அந்த மனுஷன் நான் இல்லையோ? எல்லாம் இந்த எலும்புதானோ? டாக்டரிடமே கேட்டேன். "எனக்கு எலும்பைப் பத்தித்தான் தெரியும்" என்று சிரித்தார்.

உனக்கு என்ன தோன்றுகிறது?

சின்னு அப்பா

*

பிப்ரவரி 27

சின்னு அப்பாவுக்கு,

கேட்டுவிட்டீர்கள், அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. உங்களுக்கு வலித்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு வலித்தது என்று தெரியாது. நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பீர்களே, அப்போதெல்லாம் என் மேல் கோபம் என்றுதான் நினைத்தேன். பாதி நாள் அது வெறும் வலியாக இருந்திருக்கிறது. அதை நான் கேட்டிருக்க வேண்டும். ஒரு தடவை கூட உங்களை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போகவில்லையே என்று இந்த வாரம் முழுக்க எனக்கு மனசு உறுத்தியது.

இனி இன்னொன்று. இந்த வீட்டுக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. இங்கே சத்தம் போட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் போன தீபாவளி லீவுக்கு, இல்லை, எந்த லீவு என்பது முக்கியமில்லை, சின்னு வந்திருந்தாள். பீரோவைத் திறந்து துணி எடுத்துவிட்டு மூடினாள். எப்படி மூடினாள் தெரியுமா? ஒரு கையால் கதவைப் பிடித்து, இன்னொரு கையைச் சட்டத்துக்கு நடுவில் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக. இருபத்து மூன்று வயசுப் பெண். "யாருடீ தூங்கறா இங்க?" என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. கதவை இப்படித்தான் மூடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ரேடியோவை உடைத்தது எலும்பாக இருக்கட்டும். உடைத்த மறுநாள் காலையில் உங்களுக்குத் தலை வலிக்கவில்லை. எனக்கு நினைவிருக்கிறது, ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தீர்கள். அந்தக் குழந்தை உங்கள் எதிரில் உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூன்று நாள் பேசாமல் இருந்தீர்கள். நான் வீட்டைவிட்டு வந்தது நீங்கள் கத்தியதற்காக இல்லை.

ஆபரேஷனை நல்லபடியாக முடித்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் எழுதிவிட்டுத் தபாலில் போடலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் வைத்திருந்தேன்.

சின்னு அம்மா

*

மார்ச் 21

சின்னு அம்மாவுக்கு,

உன் கடிதத்துக்கு மூன்று பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். முதல் பதிலில் வக்கீல் மாதிரி பேசியிருந்தேன். இரண்டாவதில் அழுதிருந்தேன். மூன்றாவது இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

நீ சொன்னபடி பீரோ கதவை இரண்டு கையாலும் பிடித்து மூடிப் பார்த்தேன். எவ்வளவு நேரம் ஆகிறது.

ஏப்ரல் 4 காலை ஆபரேஷன். மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பாதி, புருவத்தில் சின்னதாகக் கீறிப் பாதி எடுப்பார்களாம். சின்னுவுக்கு லீவு கிடைக்கவில்லை, புது வேலை, அவளை வற்புறுத்தாதே. என் கூட வேலை பார்க்கிற கூட்டாளி துணைக்கு வருகிறான். தகவலுக்காக எழுதுகிறேன், வேறு எதற்கும் இல்லை.

சின்னு அப்பா

*

ஏப்ரல் 7

சின்னு அப்பாவுக்கு,

இந்நேரம் மூக்கிலிருந்து பஞ்சை எடுத்திருப்பார்கள். நர்ஸ் சொல்லியிருப்பாள், நான் வந்திருந்தேன். நீங்கள் மயக்கத்தில் இருந்தீர்கள்.

உள்ளே கொண்டுபோன பத்து நிமிஷத்தில் வந்து சேர்ந்தேன். உங்கள் கூட்டாளி எனக்கு இடம் விட்டு எழுந்து நின்றுகொண்டே இருந்தார், உட்காருங்கள் என்றாலும் கேட்கவில்லை. நாலே கால் மணி நேரம். எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் புரூப் கையில் இருந்தது. அறுபது பக்கம் பார்த்தேன். மறுநாள் அச்சகத்தில் திரும்பப் பார்த்தால் அந்த அறுபதில் நான் விட்ட பிழைகள் இருபத்திரண்டு. இத்தனை வருஷத்தில் இப்படி ஆனதில்லை.

டாக்டர் வெளியே வந்து முகமூடியை இறக்கிவிட்டு முதலில் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் இரண்டு நிமிஷத்துக்குக் காதில் விழவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். எலும்பை அப்படியே பிடுங்க முடியாதாம். நடுவில் குடைந்து, ஓடு மாதிரி மெல்லிசாக்கி, கடைசியில் சுவரிலிருந்து பிரித்தார்களாம். மூளைப் பக்கத்துச் சுவர் ஓரிடத்தில் முட்டை ஓடு போல இருந்ததாம், அங்கே மட்டும் ரொம்ப நேரம் ஆகிவிட்டது என்றார். ஒரு சின்ன பாட்டிலில் துண்டுகளைக் காட்டினார். உடைந்த சோழி மாதிரி இருந்தது. நமக்குள் இவ்வளவு சண்டை வாங்கித் தந்தது இவ்வளவு சின்னதா என்று தோன்றியது.

உங்களைப் பார்க்க உள்ளே விட்டார்கள். இடது கண் வீங்கி மூடியிருந்தது. வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தீர்கள். நெற்றியில் கை வைக்கப் போனேன், கட்டு இருந்தது. அதனால் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கால் சில்லென்று இருந்தது. போர்வையை இழுத்துவிட்டேன். கடைசி பஸ் போய்விடும் என்பதால் கிளம்பினேன். நீங்கள் விழித்திருந்தால் என்ன பேசுவது என்று தெரியாததும் ஒரு காரணம்.

டாக்டர் சொன்னதை எழுதி வைத்துக்கொண்டேன், உங்களிடம் சொன்னால் பாதியை மறப்பீர்கள். ஆறு வாரத்துக்கு மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். குனிந்து எதையும் தூக்கக் கூடாது. மூக்கில் தெளிந்த தண்ணீர் மாதிரி சொட்டினால் உடனே போக வேண்டும், சளி என்று சும்மா இருக்கக் கூடாது. உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவுவதை நிறுத்தக் கூடாது.

சின்னு அம்மா

*

ஏப்ரல் 29

அன்புள்ள சின்னு அம்மாவுக்கு,

காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்பதைப் படித்துவிட்டுக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அதிலேயே இருக்கிறது.

சோதனைக்கு அனுப்பிய துண்டுகளின் முடிவு வந்துவிட்டது. சாதுவான எலும்பு, வேறொன்றும் இல்லை. தையல் பிரித்தாயிற்று, தழும்பு புருவத்து முடிக்குள் ஒளிந்துவிட்டது. கண் பழைய இடத்துக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. இரண்டாகத் தெரிவது இப்போது மேல் மூலையில் மட்டும்தான். ஆறு மாதத்தில் ஒரு ஸ்கேன், அப்புறம் வருஷத்துக்கு ஒன்று. வாயைத் திறந்து தும்முகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று ஒரு நாள் ஓடி வந்துவிட்டார்.

வலி இல்லை. இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. காலையில் எழுந்து, வழக்கம்போல வலி எங்கே என்று தேடுகிறேன். வாசலில் யாரும் நிற்காதபோது கதவைத் திறந்து பார்க்கிற மாதிரி இருக்கிறது. நேற்று கீழ் வீட்டில் குழந்தைகள் தகர டப்பாவைத் தட்டி விளையாடின. உட்கார்ந்து கேட்டேன்.

சின்னுவிடம் பேசினேன். ரேடியோவைப் பற்றித்தான். எட்டு வருஷம் லேட். "அந்த ரேடியோ ஏற்கெனவே ஒழுங்கா பாடாதுப்பா" என்றாள். அப்படிச் சொன்னதும் எனக்கு இன்னும் கஷ்டமாகப் போயிற்று.

உன் மேல் அன்புள்ள,
சின்னு அப்பா

*

மே 14

அன்புள்ள சின்னு அப்பாவுக்கு,

முடிவு வந்த செய்தி படித்து வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. சின்னு எனக்கும் போன் செய்தாள். அப்பா வேற ஆள் மாதிரி பேசறார்மா என்கிறாள். நீ போய்ப் பாரேன், நீ போய்ப் பாரேன் என்று நச்சரிக்கிறாள்.

அறிவியல் புத்தகம் ஜூன் மாதக் கடைசியில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு பத்து நாள் வந்து இருக்கலாமா என்று யோசிக்கிறேன். யோசிக்கத்தான் செய்கிறேன், இன்னும் முடிவு இல்லை. வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்துவிடாதீர்கள்.

சின்னு அம்மா

*

ஜூன் 11

அன்புள்ள சின்னு அம்மாவுக்கு,

நீ வருவதற்கு முன்னால் உனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். எழுதினால் நீ வராமல் போய்விடலாம். அதனால் இரண்டு நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன்.

திங்கட்கிழமை ஓர் அலுவலகக் கட்டடத்தில் வேலை. எட்டாவது மாடி. கூட்டாளி கிரீஸ் டப்பாவை மூடாமல் வைத்துவிட்டான், என் கால் பட்டுத் தரையெல்லாம் கொட்டியது. அவ்வளவுதான் விஷயம். நான் கத்தினேன். பதினாறு வருஷமாக என்னோடு இருப்பவன், ஆபரேஷன் அன்றைக்கு நாலு மணி நேரம் நின்றுகொண்டே இருந்தவன், அவனைக் கட்டடத்து ஆட்கள் எதிரில் எதற்கும் லாயக்கில்லாதவன் என்றேன். கையிலிருந்த ஸ்பேனரைச் சுவரில் விட்டெறிந்தேன். ஒருவர் மேலும் படவில்லை.

எறிந்த மறு நிமிஷமே கை தானாகப் புருவத்துக்குப் போயிற்று. அழுத்திப் பார்த்தேன். வலி இல்லை. இன்னும் அழுத்தினேன். கொஞ்சமாவது இருக்கக் கூடாதா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. தலை துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி சுத்தமாக இருந்தது. கத்தினது நான்தான்.

மாடிப்படியில் உட்கார்ந்தேன். எப்போதும் போல மூன்று நாள் பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். அரை மணி கழித்து உள்ளே போனேன். கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, "தப்பு என்னோடது. உன்ன அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். கட்டடத்து ஆட்கள் இருக்கும்போதே சொன்னேன், திட்டினது அவர்கள் எதிரில்தானே. அவன் என்னைப் பார்க்கவே இல்லை. "இப்ப என்ன, அந்த மூலையையும் தொடை" என்றான்.

மன்னிப்புக் கேட்டேன் என்று உன்னிடம் மார்க் வாங்க எழுதவில்லை. வேறு ஆள் என்று சின்னு சொன்னதை நம்பி நீ பஸ் ஏறக் கூடாது. எலும்பு போய்விட்டது. நான் போகவில்லை.

உன்,
சின்னு அப்பா

*

ஜூன் 19

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தை அச்சகத்தில் வைத்துப் படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை படித்துவிட்டு, குழாயடியில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

இதை நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. புது ஆளைப் பார்க்க என்று கிளம்பி வந்திருப்பேன். முதல் தடவை நீங்கள் குரலை உயர்த்தும்போது, ஏமாந்தேன் என்று பெட்டியைத் தூக்கியிருப்பேன். புது ஆளோடு இருக்க எனக்கு வராது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கட்டிக்கொண்டவரை எனக்குத் தெரியும். அவர் கத்துவார். ஆனால் கத்திவிட்டு அரை மணியில் திரும்பி வந்து, துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருகிறவரை நான் இதுவரை பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் போல் இருக்கிறது.

கோபம் வரட்டும். எனக்கும்தான் வரும், நான் ஒன்றும் சாதுவான எலும்பு இல்லை. வந்தால் வந்திருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். தலை வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். இரண்டையும் என்னால் தாங்க முடியும். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தால் எது என்று எனக்குத் தெரியாது.

முப்பதாம் தேதி பகல் பஸ்ஸில் வருகிறேன். அச்சகத்தில் பேசிவிட்டேன். புரூப்பைத் தபாலில் அனுப்புகிறேன் என்கிறார்கள், எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான். ஆகவே சன்னலோரமாக, நல்ல வெளிச்சம் படுகிற இடத்தில், எனக்கு ஒரு மேசை வேண்டும். கால் ஆடாத மேசையாகப் பாருங்கள். பத்து நாளைக்கு எதற்கு மேசை என்று யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். வாங்கிப் போடுங்கள்.

சின்னு அம்மா